காஸ்பர் – ரோசலி: இரண்டாவது தட்டு

காஸ்பரும் அவருடைய தங்கை ரோசலியும் சேர்ந்து பாட ஆரம்பித்து நாற்பது வருஷம் ஆனதற்காகப் போன மாதம் தூத்துக்குடியில் ஒரு பாராட்டு விழா நடந்தது. என்னையும் மேடையேற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ரேடியோவில் அடிக்கடி வரும் பாட்டுகளைச் சொல்லிப் புகழ்ந்தார்கள். நான் எழுந்து, "இவர்கள் கொடுத்த பதினாறு இசைத்தட்டுகளில் இரண்டாவதுதான் சிறந்தது. அதற்குப் பிறகு அப்படி ஒன்று வரவில்லை" என்று சொல்லிவிட்டேன். பாராட்ட வந்த இடத்தில் இப்படிப் பேசலாமா என்று உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. சபையில் அநேகமாக யாருக்கும் அந்தத் தட்டு தெரியவும் தெரியாது. விழா முடிந்ததும் கேசட் பதிவு நிலையம் நடத்தும் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டாவதுன்னு சொன்னியளே, நாங்க அதத் தேடாத எடமில்ல. அதுல அப்படி என்னதான் இருக்கு?"

நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற சமாச்சாரம் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

என் பெயர் சடகோபன். ஊர் ஆழ்வார்திருநகரி. நாடகக் கம்பெனிகளில் ஐந்தாறு வருஷம் ஹார்மோனியம் வாசித்துவிட்டு, கம்பெனி கலைந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது தூத்துக்குடி குருசாமி அண்ணாச்சி என்னை அழைத்துக்கொண்டார். சைக்கிள், பெட்ரோமாக்ஸ் விளக்கு, தையல் மெஷின், கிராமபோன் எல்லாவற்றுக்கும் அவர் ஏஜெண்ட். சென்னையில் இருந்த ரிக்கார்டு கம்பெனிக்காக இந்தப் பக்கத்துப் பாடகர்களைக் கண்டுபிடித்து அனுப்புவதும் அவர்தான். அவர் கடையில் எனக்கு 'ரிகர்சல் வாத்தியார்' என்று பெயர்.

ரிகர்சல் வாத்தியார் வேலை இன்றைக்கு யாருக்கும் தேவையில்லை. அன்றைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் பத்து விநாடிதான் கொள்ளும். கோயில் கொடைத் திருவிழாவில் முக்கால் மணி நேரம் பாடுகிறவர்களிடம் போய் அதையே மூன்று நிமிஷத்தில் பாடு என்றால் என்ன செய்வார்கள்? சிலர் ஓட்டமாக ஓடுவார்கள். சிலர் அழுதே விடுவார்கள். எதை விடலாம், எங்கே மூச்சு வாங்கலாம், எந்த அடியை இரண்டு தடவை பாடலாம் என்று பாக்கெட் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கத்தரிப்பேன். பதிவின்போது பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். இரண்டு நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடி ஆனதும் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவேன். 'எங்கே இருந்தாலும் பல்லவிக்கு வந்து முடி' என்று அதற்கு அர்த்தம். எத்தனையோ பேர் முதுகில் தட்டியிருக்கிறேன். எல்லோரும் முடித்திருக்கிறார்கள்.

காஸ்பர் கடற்கரைத் தெருக்காரர். பிடில் வாசித்துக்கொண்டே பாடுவார். தங்கை ரோசலி அவரைவிட ஐந்து வயது இளையவள். பாட்டு முழுவதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முதல் தட்டுக்கு அவர்களைச் சென்னைக்கு நான்தான் அழைத்துப் போனேன். அண்ணன் சுரத்தை எப்படி வளைத்தாரோ அப்படியே தங்கையும் வளைத்தாள். ஓர் இழை பிசகவில்லை. மைக்கைக் கண்ட பயத்தில் இருவரும் கழுத்தை விறைத்துக்கொண்டு பாடினார்கள். இருந்தும் தட்டு நன்றாகப் போனது. திருச்செந்தூரிலிருந்து நாகர்கோவில் வரை கல்யாண வீடுகளில் போட்டார்கள். கொழும்பிலிருந்துகூட கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கொழும்புக் கச்சேரியில்தான் எல்லாம் கெட்டது. ரோசலிக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்ததால் காஸ்பர் மட்டும் கப்பலேறினார். அங்கே கோயில் திருநாள், பத்து நாள் பாட்டு. அவர் போன நாலாம் நாள் அவர்களுடைய தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் தாயார் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் ரோசலி தந்தி கொடுத்தாள். காஸ்பர் கப்பலைவிட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். தாயாரை மண்ணில் இறக்கிய நேரத்தில் தான் மேடையில் பாடிக்கொண்டிருந்தது நாளைக் கணக்குப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துபோயிற்று. அன்றிலிருந்து தங்கையோடு பேசவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுகூட அவர் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் சொல்லவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எட்டு மாதம் இப்படி.

அது யுத்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்ற பயத்தில் ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். கம்பெனி ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, பதிவு மெஷினைப் பெட்டிகளில் கட்டி, எஞ்சினியர் வரதன் சாரோடு தெற்கே அனுப்பியது. துறைமுகம் இருந்ததால் தூத்துக்குடிக்கும் அந்தப் பயம் உண்டுதான். ஆனால் குருசாமி அண்ணாச்சியிடம் பஞ்சுப் பொதிகளைச் சேர்த்து வைக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. வரதன் சார் உள்ளே வந்து, அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகளுக்கு நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். சத்தம் எழுந்த இடத்திலேயே அமுங்கிப் போயிற்று.

"மெட்ராஸ்லே கம்பளி மாட்டி மாட்டிப் பார்த்தும் இது கிடைக்கலை" என்றார்.

ஒரே இடைஞ்சல், பக்கத்தில் இருந்த பஞ்சு அழுத்தும் பிரஸ். அது ஓடினால் தரை அதிரும். நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை சாப்பாட்டுக்காக நிறுத்துவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு.

வரதன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பதிவு அறைக்குள் வெறுங்காலோடுதான் வருவார். மற்றவர்களும் அப்படித்தான் வரவேண்டும். பெண்கள் வளையலைக் கழற்றித் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். கஞ்சி போட்ட புடவை சரசரத்தால், ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வரச் சொல்வார். பதிவுக்கான மெழுகுத் தட்டு இரண்டு விரல் கனத்தில் பாலாடை நிறத்தில் இருக்கும். அதை மிதமான சூட்டில் ஒரு பெட்டியில் வைத்திருந்து, வேண்டும்போது இரண்டு கைகளாலும் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து வருவார். அந்த நேரத்தில் யாரும் அவர் குறுக்கே போகக்கூடாது. சுவர்க்கடிகாரத்தில் இருப்பதுபோல ஓர் இரும்பு எடை மெல்ல இறங்க, அதன் பலத்தில் மெழுகு சுழலும். ஊசி அதைக் கீறிக்கொண்டே உள்ளே வரும். சுருள் சுருளாக எழும் மெழுகுத் தூளை ஒரு மெல்லிய தூரிகையால் அவர் ஒதுக்குவார். பதிந்ததை அங்கேயே போட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் மெழுகு பாழாகிவிடும். தொழிற்சாலைக்குப் போய், மாதிரித் தட்டு வந்த பிறகுதான் என்ன பாடினோம் என்பது தெரியும்.

சீமையிலிருந்து மெழுகு வருவது நின்றிருந்தது. ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு மெழுகுதான் என்று வரதன் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போனால் போகிறதென்று ஒரு தட்டின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்று அதிகமாகத் தருவார். முதல் தட்டின்போது காஸ்பரும் ரோசலியும் பக்கத்துக்கு ஐந்து மெழுகு வீணாக்கியவர்கள்.

அவர்களுடைய இரண்டாவது தட்டுக்கான பாட்டுகளைத் தாயார் இருக்கும்போதே தீர்மானித்து அனுப்பியிருந்தோம். ஒன்று திருநாள் பாட்டு. மற்றொன்று மாதாவைப் பார்த்துக் கடலோடி பாடுவது. அதன் சரணத்தில், 'அலைமேலே நான் அழைத்தால், அம்மா, நீ கேட்பாயோ' என்று காஸ்பர் பாட வேண்டும். 'கேட்பாள், கரை சேர்ப்பாள்' என்று ரோசலி பதில் சொல்ல வேண்டும். இதை மாற்றிவிடலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"பட்டியல் போயாச்சு வே. மாத்தினா இந்த வருசமே கெடையாது. அவங்கட்டக் கேளும், பாட முடியும்னா பாடட்டும்" என்றார்.

இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் பாடுவதாகச் சொன்னார்கள். ஆனால் சேர்ந்து ரிகர்சலுக்கு வரமாட்டோம் என்றார்கள். காலையில் கடையின் பின்னறையில் காஸ்பருக்குத் தங்கை பாகத்தை நான் பாடுவேன். சாயங்காலம் ரோசலி வீட்டில் அவளுக்கு அண்ணன் பாகத்தைப் பாடுவேன். பதினைந்து நாள் இப்படி அல்லாடினேன்.

"வாத்தியாரே, ரெண்டாவது அடில அவ மூச்ச முன்னாலேயே வாங்கிருவா. பொறுத்து வாங்கச் சொல்லுங்க" என்பார் காஸ்பர்.

சாயங்காலம் போய்ச் சொன்னால் ரோசலி, "அது அவுக பிடில இழுத்துப் பிடிக்கதால வாறது. அவுகள விடச் சொல்லுங்க" என்பாள். கொஞ்சம் பொறுத்து, "வெளுத்துப் போயிருக்காகளா? ஒழுங்காச் சாப்பிடுதாகளா?" என்று கேட்பாள். அந்தப் பதினைந்து நாளும் இந்தக் கேள்வியை அவள் கேட்காமல் இருந்ததில்லை. நான் அதைக் காஸ்பரிடம் சொன்னதில்லை. சொன்னால் ரிகர்சலையே நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

பதிவு நாள் வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பிரஸ் நின்றது. பஞ்சுப் பொதிகளுக்கு நடுவே ஒரு பாய். அதன் முன்னால் தாழ்வாக ஒற்றை மைக். அண்ணனும் தங்கையும் ஒட்டி உட்கார்ந்தால்தான் இரண்டு குரலும் விழும். எட்டு மாதமாக முகம் பார்க்காதவர்கள் ஒரு சாண் இடைவெளியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தபேலாக்காரர். காஸ்பர் முதுகுக்கு நேர் பின்னே நான், இடது கையில் கடிகாரத்தோடு. பொதிகளுக்கு அப்பால் மெஷின். நடுவில் விட்ட ஒரு சந்தின் வழியாக வரதன் சாரின் முகம் எனக்குத் தெரியும். காற்றாடி கிடையாது. வியர்வை புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கியது.

திருநாள் பாட்டு ஒரே மெழுகில் சரியாக விழுந்தது. மூன்று நிமிஷம் ஒன்பது விநாடி. நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

அடுத்த பாட்டுக்கு, பதிவு ஓடுகிறது என்பதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. பல்லவி போயிற்று. சரணத்தில் காஸ்பர், 'அலைமேலே நான் அழைத்தால்' என்றார். அதோடு நின்றுவிட்டார். வில்லும் நின்றது. வரதன் சார் ஊசியைத் தூக்கினார். மெழுகு போயிற்று.

காஸ்பர் பிடிலைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முடியாது வாத்தியாரே. வேற யாரையாவது வச்சுப் பாடிக்கிடுங்க."

நான் பதில் சொல்வதற்குள் ரோசலி, எனக்குச் சொல்வதுபோல, மைக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வாத்தியாரே, பாட முடியலன்னா வாசிக்கச் சொல்லுங்க. வில்ல மட்டும் நிறுத்தவேண்டாம்னு சொல்லுங்க."

சொன்னேன். சொல்லத் தேவையே இல்லை, ஒரு சாண் தூரத்தில் இருக்கிறவருக்கு அது கேட்காமலா இருக்கும்? காஸ்பர் பிடிலை எடுத்தார்.

வரதன் சார் கடைசி மெழுகை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

பல்லவி முடிந்தது. 'அலைமேலே நான் அழைத்தால்' வந்தது. அதே இடத்தில் காஸ்பரின் குரல் நின்றது. ஆனால் இந்தத் தடவை வில் நிற்கவில்லை. அந்த ஒரே சுரத்தில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தோம். அப்போது ரோசலி அவருடைய சொல்லைத் தான் எடுத்தாள். 'அம்மா' என்றாள். நாங்கள் ரிகர்சலில் வைத்த இடத்தில் அல்ல, அதற்கும் கீழே, அண்ணனுடைய சுருதியில். பாடிவிட்டு நிறுத்தினாள். அவர் வரவில்லை. வில் மட்டும் கொஞ்சம் அசைந்தது. மறுபடியும் 'அம்மா' என்றாள், இன்னும் மெதுவாக. மூன்றாவது தடவை அவள் எடுத்தபோது அடியில் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. முதலில் அது காஸ்பரின் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. அத்தனை தணிவு. அப்புறம் இரண்டு பேரும் அந்த அடியைச் சேர்ந்து பாடினார்கள். எங்கே போகிறோம் என்று இருவருக்கும் தெரியாது. அவர் ஓர் அடி எடுத்துவைத்தால் அவள் கேட்டுவிட்டு வருவாள். அவள் திரும்பினால் அவர் பொறுத்துத் திரும்புவார். முதல் தட்டில் அவர்கள் ஒருவர் பாடுவதை ஒருவர் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தட்டில் மனப்பாடம்தான் பாடியது.

கடிகாரம் இரண்டு நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடியைக் காட்டியது. சரணமே முடியவில்லை. ரோசலியின் பதில் அடி பாக்கி இருந்தது. என் வலது கை தன்னால் எழுந்து காஸ்பரின் முதுகுவரை போயிற்று. தட்டினால் அவர் அந்த அடியை விட்டுவிட்டுப் பல்லவிக்கு வந்துவிடுவார். தட்டாவிட்டால் ஊசி எல்லையைத் தாண்டும், தட்டே உதவாமல் போகும், மெழுகும் இனி கிடையாது. சந்தின் வழியே பார்த்தேன். வரதன் சார் ஊசியை உற்றுப் பார்த்தபடி குனிந்திருந்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ரோசலி, 'கேட்பாள்' என்றாள். அதை மட்டும் சொல்லி, அண்ணன் வரும்வரை பொறுத்து, இருவருமாகக் 'கரை சேர்ப்பாள்' என்று முடித்தார்கள். பல்லவிக்குத் திரும்பவே இல்லை. மூன்று நிமிஷம் இருபத்தெட்டு விநாடி. விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பிரஸ் ஓட ஆரம்பித்துத் தரை அதிர்ந்தது.

காஸ்பர் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார். வரதன் சார் என்னிடம் வந்தார்.

"சடகோபன், உங்க வாட்ச் நின்னுடுத்தா?"

"இல்ல சார், ஓடுது."

"அப்ப கை?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நானும் ஊசியைத் தூக்கியிருக்கணும். தூக்கலை" என்றார் அவர். "லேபிள் ஒட்டற எடம் வரைக்கும் போயிருக்கு. ஃபாக்டரியிலே என்ன சொல்றாளோ, ரெண்டு பேருமாச் சேர்ந்து வாங்கிக் கட்டிக்கலாம்."

மெழுகுப் பெட்டியை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு அவரோடு மதுரைவரை போனேன். வெயிலுக்கு உருகாமலிருக்க ஈரச்சாக்கு சுற்றியிருந்தோம். வழியில் அவர் சொன்ன ஒன்று இன்றும் நினைவிருக்கிறது. "முதல் தட்டுலே பயம்தான் பாடும். நாலு தட்டுக்கு அப்புறம் சாமர்த்தியம் வந்துடும். ரெண்டாவது தட்டுக்கு வர்றவாகிட்டே நான் ரொம்ப ஜாக்கிரதையா இருப்பேன். பயம் போயிருக்கும், சாமர்த்தியம் வந்திருக்காது." அவர் சொன்னது எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் முப்பது நாற்பது வருஷம் நிலைத்து நின்ற வித்வான்கள் பலரை எனக்குத் தெரியும். காயல்பட்டினத்துப் பாடகர் ஒருவர், எங்கள் ஊர் நாகசுரக்காரர் ஒருவர், இன்னும் சிலர். அவர்கள் தட்டுகளை வரிசையாக வைத்துக் கேட்டால், இரண்டாவது வரும்போது நிமிர்ந்து உட்காரத்தான் செய்கிறேன்.

ஐந்து வாரம் கழித்து மாதிரித் தட்டு வந்தது. 'இனி இப்படி நீட்டி அனுப்ப வேண்டாம்' என்று ஒரு கடிதமும் வந்தது. தட்டு அழுத்தி வெளியிடமாட்டோம் என்று எழுதவில்லை. அண்ணாச்சி இருவருக்கும் ஆள் அனுப்பினார். காஸ்பர் கடையின் இந்தக் கோடியில் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றார். ரோசலி அந்தக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ஊசியை வைத்தேன்.

அண்ணாச்சி எந்தத் தட்டைக் கேட்டாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பாட்டு முடிந்தும் அன்று அவர் திரும்பவில்லை. ஊசி கரகரவென்று சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்கும் தோன்றவில்லை.

காஸ்பர்தான் பேசினார். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி, முதல் தடவையாகத் தங்கையைப் பார்த்துக் கேட்டார்: "ஏளா, அம்மா கடைசியா என்ன சொன்னா?"

ரோசலி பெஞ்சிலிருந்தே சொன்னாள். "ஒங்களுக்குத் தந்தி குடுக்கேன்னேன். வேண்டாம்னுட்டா. 'திருநாள் பாட்டப் பாதியில விட்டுட்டு வரவேண்டாம். பாடி முடிச்சிட்டு வரட்டும்'னு சொன்னா. அவ கண்ண மூடுமட்டும் என் கையை விடல, நான் எந்திச்சுப் போயித் தந்தி குடுத்துருவேன்னு."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, புள்ள."

"சொன்னா, பாட்டுனாலதான் அம்மாவப் பாக்க முடியாமப் போச்சுன்னு நீங்க பிடிலையே தொடமாட்டீங்க. என்கூடத்தான பேசல? பரவாயில்லன்னு இருந்துட்டேன்."

காஸ்பர் அந்தக் கோடிக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணாச்சி என்னைக் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து கடைக்கதவைச் சாத்தினார். வியாபார நேரத்தில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

தட்டு அதிகம் போகவில்லை. யுத்தத்தில் தட்டு செய்கிற அரக்குக்குப் பஞ்சம் வந்து, புதுத் தட்டு வேண்டுமானால் பழையதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னது கம்பெனி. வந்த பழைய தட்டுகளையெல்லாம் உருக்கினார்கள். இதுவும் நிறைய அப்படிப் போயிருக்கும். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பதினாலு தட்டுக் கொடுத்தார்கள். ரேடியோவில் பாடினார்கள், ஊர் ஊராகப் போனார்கள். எல்லாவற்றுக்கும் சேர்ந்தே ரிகர்சல் பண்ணினார்கள். நானும் நேரம் பார்த்து முதுகில் தட்டினேன், அவர்களும் நேரத்துக்கு முடித்தார்கள். நல்ல பாட்டுகள்தான் எல்லாம். அவற்றால் எத்தனையோ குடும்பங்களுக்குச் சந்தோஷம். என் குடும்பமும் அதில் ஒன்று. குறையாக நான் எதையும் சொல்லவில்லை. இவ்வளவையும் பக்கத்திலிருந்து கேட்கக் கொடுத்துவைத்திருந்தேன். என்னை வேலைக்கு வைத்துக்கொண்ட அண்ணாச்சிக்கும், கேட்க வேண்டிய கேள்வியை அன்று அதிகம் கேட்காமல் விட்ட வரதன் சாருக்கும் நான் பட்ட கடன் பெரியது. இருவரும் இப்போது இல்லை.

வேலையிலிருந்து நின்ற மறுநாள் ரோசலி வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். அவளிடம் அந்தத் தட்டு ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காஸ்பரிடம் கிடையாது. அண்ணன் அதைப் பற்றி என்ன சொல்லுகிறார் என்று கேட்டேன்.

ரோசலி சிரித்தாள். "இங்கன வாறப்ப நான் அத எடுத்தா, 'எனக்குக் கடை வரைக்கும் சோலி இருக்கு'ன்னு எந்திச்சுப் போயிருவாக. எங்க போறாக வாத்தியாரே? அந்தா, அந்தச் சன்னலுக்கு அங்கிட்டு நிப்பாக. பாட்டு முடிஞ்ச பொறகுதான் செருப்புச் சத்தம் கேக்கும்."